நெருப்புக்குத் தெரியாத கன்ட்ரோல் இசட்

கணினி பொய் சொல்லாது என்று நம்பித்தான் பாதி ஆயுளை அதன் எதிரே உட்கார்ந்து கழித்தேன். இப்போது சொல்கிறேன்: சொல்லும். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை, கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற அந்தக் கருப்புத் திரையில், கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்தி வைக்கலாம். அப்படிச் செய்தால் 'நிறுத்தப்பட்டது' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு, அடுத்த உத்தரவுக்காகக் கைகட்டி நிற்கும். என்ன பணிவு! எதை நிறுத்தினாய் என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை. புரோகிராம் நின்றது, சரி. அது மூட்டிவிட்ட நெருப்பு? ஸ்டோருக்குள் தட்டுத் தட்டாக வெந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் ஏலக்காய்? அதெல்லாம் தன் துறையில் வராது என்கிற பாவனையில் உட்கார்ந்திருக்கும். பல அலுவலகங்களில் இந்தப் பாவனையைப் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது டீ குடிக்க எழுந்து போவார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ஐம்பதை நெருங்கும் ஆசாமிகளைக் கம்பெனிகள் ஒருவிதமாகப் பார்க்கத் தொடங்கும். அந்தப் பார்வை என் மீது விழுந்ததும், மனைவியின் பங்காக வந்த ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என்று மலைமேல் சக்குபள்ளத்துக்குக் குடிவந்தேன். ஏலத்தைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது, பாயசத்தில் அகப்பட்டால் எடுத்துத் தட்டோரம் வைக்க வேண்டும் என்பது மட்டுமே.

தோட்டத்தோடு ஒரு ஸ்டோரும் வந்தது. காய் உலர்த்தும் அறைக்கு இங்கே அதுதான் பெயர். வெளியே விறகு அடுப்பு, அதை ஊதிவிட ஒரு ப்ளோயர். சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போகும். உள்ளே அடுக்கடுக்காக வலைத்தட்டுகள். காயிலிருந்து கிளம்பும் ஈர ஆவியை வெளியே தள்ளச் சுவரில் ஒரு பெரிய விசிறி. சூடு ஏறினால் காயின் பச்சை போய்விடும். ஆவி வெளியேறாவிட்டால் காய் உலராது, வெந்துவிடும். பச்சை போன காயை வண்டன்மேட்டு ஏலச்சந்தையில் கையில் அள்ளிப் பார்ப்பவர்கள், அள்ளிய வேகத்திலேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். அதனால் விடிய விடிய ஒருவர் கண்விழித்து அடுப்பைப் பார்க்க வேண்டும்.

கண்விழிப்பது எனக்கு ஆகாது. ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். சூட்டைப் பார்க்கும், கூடினால் ப்ளோயரை அணைக்கும், குறைந்தால் போடும். ஆவி சேர்ந்தால் விசிறியைச் சுழற்றும், தீர்ந்தால் நிறுத்தும். அவ்வப்போது என் போனுக்கு நிலவரம் அனுப்பும். நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஊர் சிரித்தது.

சிரித்தவர்களில் முதல்வர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருக்கு என் புரோகிராமின் மேல்கூட அவ்வளவு வெறுப்பில்லை, விசிறியின் மேல்தான். அது மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்டது. சுழலத் தொடங்கும்போது கனைக்கும், அப்புறம் ஓலமிடும். ஒவ்வொரு முறையும் அவர் வீட்டிலிருந்து குரல் வரும்: "ஏய், பாலக்காட்டுக்காரரே! அந்தப் பேய நிறுத்தும்யா!" புரோகிராம் தன் கணக்குப்படி விசிறியை நிறுத்தும். தன் அதட்டலுக்குத்தான் நின்றது என்று அவர் திருப்தியடைவார். இப்படியே எங்கள் உறவு சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய மருமகள்தான் நான் சொன்ன அக்கா. புருஷன் இல்லை; சின்னத் தோட்டம், பெரிய வாய். வழக்கமாகக் காயை ரோட்டோரத்துப் பெரிய ஸ்டோருக்குத்தான் அனுப்புவார். அங்கே தன் காய் பத்துப் பேர் காயோடு கலந்து நிறம் கெடுகிறது என்று அவருக்கு ஒரு மனக்குறை. "ஒருதடவ ஒங்க கம்ப்யூட்டருல போட்டுப் பாக்குறேன் தம்பி" என்றார். "மிஷினு காய்ச்சுன காய எவன் வாங்குவான்? நீ போட்டேன்னா இந்தத் தோட்டத்த ஒங்கிட்ட விட மாட்டேன்" என்று மாமனார் குதித்தார். வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியில் அந்த எடுப்பில், அதாவது அந்தத் தடவை பறித்ததில், வந்த காய் முழுவதும் என் ஸ்டோருக்குத்தான் வந்தது. பச்சை குலையாமல் உலர்ந்து வந்தால் தோட்டக் காரியத்தில் இனி அக்கா பேச்சு. குலைந்தால் மாமனார் பேச்சு. ஒரு குடும்பத்து ஆட்சி என் புரோகிராமை நம்பி நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் சொந்த ஊரில் ஒரு கல்யாணம். முந்தின நாளே நானும் மனைவியும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஸ்டோரை மச்சானிடம் ஒப்படைத்தேன். மனைவியின் தம்பி. ஜீப் ஓட்டுகிறவர், நல்லவர். நல்லவர் என்பதை இங்கே கோபமாகத்தான் சொல்கிறேன்.

பாதி உலர்ந்ததும் கீழ்த்தட்டை மேலே, மேல்தட்டைக் கீழே மாற்ற வேண்டும். அப்போது விசிறி திடீரென்று கிளம்பினால், தட்டுக்கும் விசிறிக்கும் நடுவே நிற்கிறவரின் முகத்தில் ஆவியெல்லாம் அடிக்கும். அதற்குத்தான் கன்ட்ரோல் இசட். அவரை லேப்டாப் முன் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"மாப்ள, நல்லாப் பாத்துக்கங்க. இது சி. இத அமுக்குனா புரோகிராம் செத்துப்போகும். தொடவே கூடாது. இது இசட். இத அமுக்குனா தூங்கும். தட்ட மாத்துனதுக்கப்புறம் எஃப், ஜின்னு அடிச்சு என்டர் தட்டுனீங்கன்னா விட்ட எடத்துலருந்து எந்திரிச்சு ஓடும்."

அவர் திரையையே பார்த்தார். "செத்ததுக்கும் தூங்குறதுக்கும் என்னா மாமா வித்தியாசம்? ரெண்டுலயும் ஒண்ணும் அசையலயே."

"எழுப்புனா எந்திரிக்கும். அதுதான் வித்தியாசமுங்க. ஆனா ஒண்ணு, இசட் அமுக்கறதுக்கு முன்னாடி ப்ளோயர் சுவிட்ச கையில அணைச்சிரோணும். மறந்துராதீங்க."

"அதெல்லாம் மறக்க மாட்டேன்" என்றார். மறக்காமல் இருப்பதாக உறுதி சொல்லும் வேகத்தை வைத்தே ஒருவரை எடைபோட வேண்டும் என்பது எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் போன் வந்தது.

"மாமா, பக்கத்து வீட்டுப் பெரியவரு போயிட்டாரு."

"அடடா. எப்படிங்க?"

"வெடியக்காலைல டீ குடிச்சாரு, ஒங்க ஃபேனத் திட்டுனாரு, செவத்துல சாஞ்சாரு. அம்புட்டுத்தேன்."

ஒரு மனிதரின் கடைசி வார்த்தைகள் நான் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கிய விசிறியைப் பற்றியவையாக இருந்திருக்கின்றன. வருத்தப்படவும் தோன்றியது, அது என் தப்பில்லை என்று யாரிடமாவது வாதாடவும் தோன்றியது. வாதாட ஆளில்லை. மனைவி ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள். உடனே கிளம்பினாலும் பிணம் எடுப்பதற்குள் மலையேற முடியாது. "காயப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். "அது எங்கிட்ட விடுங்க" என்றார் மச்சான்.

முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கிய நேரத்தில்தான் கவனித்தேன். நிலவரம் வருவது நின்றுபோயிருந்தது. கடைசியாக வந்ததில் எல்லாம் ஒழுங்கு: சூடு அளவாக, ப்ளோயர் ஓடுகிறது, விசிறி ஓய்வில். அதற்கப்புறம் வெறுமை. மச்சானுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைப்பாதையில் எங்கோ ரேஞ்சு இல்லாத இடத்தில் இருந்தார் மனிதர். அக்கம்பக்கத்தார் யாரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனைப் பார்ப்பார்கள்?

ஸ்டோரிலிருக்கும் லேப்டாப்புக்குள் என் போன் வழியாகவே நுழைய முடியும். நல்லவேளை, ஜன்னலோரம் வைத்திருந்த மோடத்துக்கு அங்கே உயிர் இருந்தது. மண்டபத்துத் தூணோரம் நின்று, கட்டைவிரலால் அந்தக் குட்டி விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்து, முதல் பந்தி எழும் நேரத்துக்கு ஒருவழியாக உள்ளே போனேன். என் புரோகிராம் அங்கேதான் இருந்தது. சாகவில்லை. தூக்கத்தில் இருந்தது. யாரோ இசட் அமுக்கியிருக்கிறார்கள். வெப்பமானியைத் தனியாகப் படித்துப் பார்த்தேன். சூடு, எந்த ஏலக்காயும் போகக்கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. தூங்கப் போகும்போது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஓடிக்கொண்டே இருக்கிறது. விசிறி ஓய்ந்திருந்தது, அதனால் ஓய்ந்தே இருக்கிறது. அடுப்பு நெருப்பை ஊதுகிறது, ஆவி உள்ளேயே சுற்றுகிறது. அணைக்கவும் போடவும் வேண்டிய என் புரோகிராம் குறட்டை விடுகிறது. கணினியின் அகராதியில் இந்த நிலைமைக்குப் பெயர்தான் 'நிறுத்தப்பட்டது'.

எஃப், ஜி, என்டர். 'அப்படி ஒரு வேலை இல்லை' என்றது.

இருக்கிறதே ஐயா! இப்போதுதானே பார்த்தேன்! மறுபடி அடித்தேன். இல்லை என்றது. அப்புறம்தான் உறைத்தது. எந்தத் திரையில் தூங்கவைத்தார்களோ அந்தத் திரையில்தான் எஃப்ஜி செல்லும். மச்சான் தூங்கவைத்தது ஸ்டோரில் உள்ள திரையில். நான் நுழைந்திருப்பது வேறு வாசல். ஒரே லேப்டாப், ஒரே புரோகிராம், எழுதியவன் நான். ஆனாலும் எனக்கு அதை எழுப்ப அதிகாரமில்லை, அந்தக் கவுண்டருக்குப் போய்க் கேள் என்கிறது. அரசாங்க அலுவலகத்தை விட்டு ஓடித்தான் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன்.

பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங் தம்பி, சாப்புடாம போன நோண்டிட்டு நிக்கறீங்க? எலை போட்டாச்சு, வாங்க."

"காய் வேகுதுங்க பெரியப்பா."

"எந்தக் காய்ங்க? பந்தில எல்லாக் காயும் நல்லா வெந்துதானுங்க இருக்குது."

விளக்கப் பொறுமையில்லை. வேறு வாசலில் நிற்பவனுக்கும் ஒரு வழி உண்டு. புரோகிராமின் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு 'தொடர்' என்று ஒரு சமிக்ஞை அனுப்பலாம். அதை அனுப்பும் கட்டளையின் பெயர் 'கில்'. தூங்குகிறவனை எழுப்பும் கட்டளைக்குக் கொலையின் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, அவர் என்றைக்காவது ஒற்றைக் கட்டைவிரலோடு ஒரு கல்யாண மண்டபத்தில் நின்று அதை அடித்துப் பார்த்திருக்க வேண்டும். எழுத்தெழுத்தாக உச்சரித்துக்கொண்டே அடித்தேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"கில்லா? யார? எந்தம்பியவா?"

"ஒன் தம்பிக்கு இன்னும் கட்டளை கண்டுபிடிக்கல."

என்டர் தட்டினேன். புரோகிராம் எழுந்தது. சூட்டைப் பார்த்திருக்கும், அரண்டுபோயிருக்கும். ப்ளோயரை அணைத்து விசிறியைப் போட்டதாக நிலவரம் வந்து விழுந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு இலைமுன் உட்காரப் போனேன். போன் அடித்தது. மச்சான். பேச்சு கேட்கவில்லை. கொட்டுச் சத்தம், ஒப்பாரி, இரண்டையும் மிஞ்சி எனக்கு மிகவும் பழக்கமான ஓர் ஓலம்.

"மாமா! என்னா செஞ்சு தொலைச்சீங்க?"

"நீங்க என்ன செஞ்சீங்க மாப்ள?"

"அவரு மக வந்து எறங்குனதும் பெரியவர எடுத்தாச்சு மாமா. நம்ம வாசலுக்கு நேரா வர்றாங்க, ஒங்க ஃபேனு கத்த ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் என்னயவே பாக்குறாங்க!"

விஷயம் துண்டு துண்டாக வெளிவந்தது. எங்கள் மலைப்பக்கம் ஒரு மரியாதை உண்டு. பிணம் கடக்கும்போது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார், எதிரே வரும் ஜீப் ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கும். அதுபோல ஸ்டோர் விசிறியும் அடங்கியிருக்க வேண்டும் என்று மச்சானுக்குப் பட்டிருக்கிறது. திருப்பூரிலிருந்து வரும் பெரியவரின் மகளைக் கம்பத்தில் போய் ஜீப்பில் ஏற்றிவர அவரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தான் இல்லாத நேரத்தில் நெருப்பு அணைந்துவிடக் கூடாதென்று அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு, தான் வருவதற்குள் பிணத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வதென்று, விசிறி ஓய்ந்திருந்த நல்ல நேரம் பார்த்து இசட்டை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"மாப்ள, பொண்ணு வராம எடுக்க மாட்டாங்க. பொண்ணக் கூட்டிட்டு வரப்போறதே நீங்க. அப்புறம் நீங்க வர்றதுக்குள்ள எப்படி எடுப்பாங்க?"

"அது இப்பத்தான மாமா தோணுது."

"கொட்டு அடிக்கறாங்க, வெடி போடறாங்க. அதெல்லாம் சத்தமில்லீங்களா? என் ஃபேன் மட்டுந்தான் அவமரியாதையா?"

"அது அவருக்காக அடிக்கிறது மாமா. இது அவரு நிறுத்தச் சொன்னது."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் ஓடிப்போயி மறுபடி இசட் அமுக்கிர்றேன்" என்றார்.

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று நான் கத்தியதில் பந்தியில் இருந்தவர்கள் தலை தூக்கினார்கள். சாம்பார் வாளியோடு வந்தவர் பின்வாங்கினார். மனைவி போனைப் பிடுங்கினாள். "தம்பி, அமுக்காதடா. உள்ள இருக்குறது அக்கா காயிடா."

அந்தப் பக்கம் கொட்டு நின்றது. தூக்கி வருகிறவர்கள் எங்கள் வாசலில் தயங்கி நின்றுவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. போகவும் முடியாமல், நிற்கவும் கூடாமல். விசிறி மட்டும் தன் போக்கில் ஓலமிட்டது. உடைகிற கதவு போல அக்காவின் குரல் போனுக்குள் கேட்டது.

"ஓடட்டும் விடுங்கடா! காலம்பூரா திட்டுன சத்தந்தான, கேட்டுக்கிட்டே போகட்டும். காய் வேகுற வாட ஊரு பூராம் அடிக்குது, ஒங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா? தூக்குங்கடா!"

கொட்டு மறுபடி ஆரம்பித்தது. அக்காவும் விட்ட வரியிலிருந்தே ஒப்பாரியைத் தொடர்ந்தார். யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

மறுநாள் நாங்கள் ஊர் திரும்பியபோது காய் முழுவதும் உலர்ந்திருந்தது. தீட்டு என்பதால் அக்கா ஸ்டோருக்குள் வரவில்லை. வாசலில் சாக்கு விரித்துத் தட்டுகளை வரிசையாக வைத்தேன். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த தட்டுகள் பழுப்பேறி, தோல் வெடித்துக் கிடந்தன. நடுத்தட்டுகள் வெளிறியிருந்தன. மேல்தட்டுகளில் மட்டும் பச்சை அப்படியே நின்றிருந்தது. அக்கா பச்சையைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் மனைவியும் உட்கார்ந்து பொறுக்கினோம். மச்சான் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"தப்பு எம்மேலதான்க்கா" என்றார் மச்சான்.

"போடா. எங்க மாமனாருக்கு மரியாத செய்யணும்னு ஒனக்காவது தோணுச்சு" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்க மிஷினுக்குத்தான் தம்பி ஒண்ணும் தெரியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, மிஷின் மேல தப்பில்லீங்க. ப்ளோயர அணைக்காம…"

"நான் அங்கன பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன். காய் வேகுற வாட வருது. யார்கிட்டப் போயிச் சொல்ல? மாமனாரு கெடக்காரு, இவ ஏலக்காயப் பத்திப் பேசுறா பாருன்னு சொல்ல மாட்டாளுகளா? வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன் தம்பி. நெசமா அழுக வந்ததே அப்பத்தான்." கையிலிருந்த பழுப்புக் காயை உடைத்து முகர்ந்தார். "ஃபேனு கத்துன பெறகுதான் மூச்சே வந்துச்சு. அவரே எந்திரிச்சுத் திட்டப் போறாருன்னுகூட நெனச்சேன்."

மனைவி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்து, துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பச்சைக் காய் வண்டன்மேட்டுக்குப் போனது. அள்ளிப் பார்த்தவர்கள் திரும்பப் போடவில்லை என்று அக்காவே வந்து சொன்னார். தோட்டத்து ஆட்சியைப் பொறுத்தவரை இனி வாதாட எதிர்த்தரப்பு இல்லை. "இருந்திருந்தா இந்தப் பச்சையக் கையில குடுத்துக் காட்டியிருப்பேன்" என்றார், ஜெயித்தவரின் குரலாக அது இல்லை. அடுத்த எடுப்பும் என் ஸ்டோருக்குத்தான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

புரோகிராமை நான் திருத்திவிட்டேன். இப்போது இசட் அமுக்கினால், முதலில் ப்ளோயரை அணைத்து, ஆவி தீரும்வரை விசிறியைச் சுழற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் தூங்கும். சாவு வீடோ கல்யாண வீடோ, விசிறி கத்தும். கணினி மட்டும் திருந்தவில்லை. அதே சொல்லைத்தான் இன்றும் எழுதுகிறது.

காரியத்தன்று சாப்பிடப் போயிருந்தோம். மச்சானை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பெரியவருக்காகக் காயையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவர் என்று ஊரில் பேச்சாகியிருந்தது. யாருடைய காயை என்று எவரும் கேட்கவில்லை. என்னைக் காட்டி ஒருவர் இன்னொருவரிடம், "அன்னைக்கு ஃபேனு போட்டாரே, அவருதான்" என்றார்.

பாயசம் வந்தது. அக்காவே ஊற்றினார்.

"குடிங்க தம்பி. ஒங்க ஸ்டோருல வெந்த காயத்தான் தட்டிப் போட்டிருக்கேன்."

"வாசன தூக்குது மாமா" என்றார் மச்சான், இரண்டாவது டம்ளரை நீட்டியபடி. "காய் வெந்தாத்தான் பாயசத்துக்கு நல்லது போல."

நானும் குடித்தேன். தட்டோரம் எடுத்து வைக்கக் காய் ஒன்றும் அகப்படவில்லை, நன்றாகத் தட்டியிருந்தார்கள். வாசனை உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.